நலங்குப் பாட்டின் கர்த்தா

செங்கல்பட்டு
ஹேவிளம்பி வருஷம், ஆனி மாதம்

அண்ணா, உன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. நீ இருப்பது சித்தியின் தம்பி வீட்டில். அவர் கண்ணில் பட்டால் நாலாம் நாள் சித்தப்பா கைக்குச் செய்தி வந்துவிடும். குளிக்கப் போகும்போது சட்டைப்பையில் விட்டுவிட்டுப் போகாதே, படித்ததும் கிழித்துவிடு. அம்மா சொல்லச் சொல்ல நான், ருக்மிணி, எழுதுகிறேன். இனிமேல் 'நான்' என்று வருவதெல்லாம் அம்மா. அம்மா பேசுகிறபடியே எழுது என்றாள், ஆனால் பள்ளிக்கூடத்தில் பழகின நடைதான் எனக்குக் கையில் வருகிறது. கொல்லைப்பக்கத்து அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சித்தப்பா மாமல்லபுரத்துக்குப் போயிருக்கிறார், கடைசி பஸ்ஸில் வந்துவிடுவார். அதற்குள் முடிக்கவேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சிரஞ்சீவி வெங்கடராகவனுக்கு அம்மா மனப்பூர்வமாக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த மட்டில் சௌக்கியம் என்றே வைத்துக்கொள். நீயும் அப்படி இருக்கவேண்டும் என்று பெருமாளைக் கேட்டுக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன். நாக்பூரில் வெயில் இன்னும் இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதே, ராத்திரி மோர் சாதம் இல்லாமல் படுக்காதே, அவர்கள் வீட்டில் மோர் குறைவாக இருந்தால் வாய்விட்டுக் கேள், கேட்பதில் வெட்கம் இல்லை. கொளவாய் ஏரி பாதிக்கு மேல் வற்றிவிட்டது, நம் கிணற்றிலும் வாளி தரையைத் தட்டுகிறது. கடைத்தெருவில் புதுப் பைசாவை வைத்துக்கொண்டு இன்னும் சண்டைதான், காய்காரி அதை வாங்கமாட்டேன் என்கிறாள், சில்லறை கொடுக்கும்போது மட்டும் அதையே கொடுக்கிறாள். உன் சித்திக்கு முழங்கால் வலி தேவலை. ருக்குவுக்குப் பரீட்சையில் கணக்கு தவிர மற்றதெல்லாம் நல்ல மார்க்கு. இதெல்லாம் சொல்லிவிட்டேன், இனி விஷயத்தைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், அலுத்துக்கொள்ளாதே, ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே பிடிபடுகிறது.

உன் அப்பா போன மறுவருஷம் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, நலங்குக்குப் பாட அவர்களிடம் புதிதாக ஒன்றுமில்லை என்று பெண்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே போகக்கூடாதவள், சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டே நாலு வரி சொன்னேன், ருக்கு எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கே சிரித்த சிரிப்பு இங்கே கேட்டது. அதற்குப் பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டார்கள், ஊஞ்சல் பாட்டு, நலங்குப் பாட்டு, சம்பந்தியைக் கேலி செய்யும் ஏசல் பாட்டு, மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் வைத்துக் கட்டின வாழ்த்து. கடைத்தெருவில் சின்ன அச்சகம் வைத்திருக்கிற ஏசுபாதம் ஆர்டர் பிடித்துவந்து ரோஸ் காகிதத்தில் அடித்துக் கொடுப்பார். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், எழுதினதெல்லாம் ருக்குவின் கை. கட்டினது யார் என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. சொன்னால் யார் வாங்குவார்கள். தாலியை இழந்தவள் கட்டின பாட்டைப் பாடிக்கொண்டு எந்த வீட்டில் தாலி கட்டுவார்கள். இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, அது அப்படித்தான் என்று சொல்கிறேன். உன் சித்தப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், தெரியாதது போல இருந்தார், அதுவும் ஒரு உதவிதான்.

போன தை மாதம் ஏசுபாதம் வந்து, தனித்தனித் தாளாக அடிப்பதை விட எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போட்டால் திருவிடந்தைக் கோயிலுக்குக் கல்யாணப் பிரார்த்தனைக்கு வருகிறவர்கள் வாங்குவார்கள் என்றார். நல்லதாகப் போயிற்று, செய்யுங்கள் என்றேன். அட்டை அடிக்கும்போது மறுபடி வந்து வாசலில் நின்றுகொண்டு, 'யாரு கர்த்தான்னு போடறது மாமி' என்று கேட்டார். நம் வீட்டில் அந்த வார்த்தையை எதற்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், உன் சித்தப்பா நில வரி கட்டும்போதும் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதும் குடும்பத்துக்கு நான் கர்த்தா என்பார், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஏதோ சர்க்காருக்குக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, கர்த்தா எங்கள் மைத்துனர்தான் என்றேன். ஏசுபாதம் தலையைச் சொறிந்துகொண்டு, 'எங்களுக்கு கர்த்தர் மேல கீறாரு, உங்களுக்கு வூட்டுக்குள்ளயே கீறாரா, குடுத்து வச்சவங்க மாமி' என்று சொல்லிவிட்டுப் போனார். புத்தகம் வந்தது. அட்டையில் கிரந்தகர்த்தா கஸ்தூரிரங்கன் என்று உன் சித்தப்பா பெயர் இருந்தது. ருக்கு படித்துக் காட்டி, கிரந்தகர்த்தா என்றால் புத்தகத்தை எழுதினவர் அம்மா என்றாள். நான் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

உன் சித்தப்பாவுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. திருத்தச் சொல்லட்டுமா மன்னி என்று அவரே ஒரு தரம் கேட்டார். திருத்தி என்ன போடுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை, அப்படியே விட்டோம். வக்கீல் குமாஸ்தாவாக அவர் போய்வருகிற கோர்ட்டில் நாலு பேர் கூப்பிட்டு, என்ன ஓய், சங்கீதமெல்லாம் கைவசம் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள், கல்யாணங்களில் முன் வரிசையில் உட்காரவைத்துச் சந்தனம் கொடுத்தார்கள். பங்குனிக்குள் அவருக்கு அது பழகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகக் குடும்ப வியாபாரமாக எழுதிவைத்துவிடலாம், ஒரு கையெழுத்துப் போடுங்கள் மன்னி என்று ஆரம்பித்தார். நீயும் அப்போதுதான் லிமிடெட் கம்பெனியாக வை, நஷ்டம் வந்தால் வீட்டைத் தொடாது என்று எழுதியிருந்தாய். கணக்காபீசில் இருக்கிறவன் சொல்கிறானே என்று வக்கீல் கோதண்டராமனிடம் நானும் ருக்குவும் போய்க் கேட்டோம். அவர் உன் அப்பாவோடு படித்தவர், பொறுமையாகச் சொன்னார். குடும்ப வியாபாரம் என்று வைத்தால் வரவும் செலவும் எல்லோருக்கும் பொது, நடத்துவது கர்த்தா, அதாவது உன் சித்தப்பா. ஏசுபாதத்தோடு கூட்டு என்று வைத்தால் லாபத்தில் பங்கு, ஆனால் அவர் காகிதக் கடையில் வைத்திருக்கிற கடனுக்கும் என்னைப் பிடிக்கலாம், கூட்டாளி பட்ட கடன் நான் பட்டதுதான். மூன்றாவது, தனியாக. அதற்குப் பத்திரமும் வேண்டாம், ரிஜிஸ்தரும் வேண்டாம், என் வேலை, என் பேர், வருவதும் போவதும் என்னோடு. லிமிடெட் என்று உன் யோசனையைச் சொன்னதும் சிரித்துவிட்டார், இரண்டு பேராவது சேர்ந்து மதராஸில் பதிவு செய்து வருஷா வருஷம் கணக்கு காட்டவேண்டுமாம். 'சம்பந்தி ஏசலுக்கா மாமி லிமிடெட்டு, ஏசலுக்கு ஏது லிமிட்டு' என்றார். ருக்குவும் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன்.

அப்புறம் ஒன்று சொன்னார். எழுதினவளுக்குத்தான் பாட்டு சொந்தம், குடும்பத்துக்கு என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது குடும்பத்துக்குப் போகும், அதனால்தான் உன் சித்தப்பா கையெழுத்துக் கேட்கிறார் என்றார். எனக்கு அதுவரை அது தெரியாது. தெரிந்த பிறகும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, ஆடி கழியட்டும், பிறகு போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் தள்ளிப்போடுவதுதான் சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு ரசம் இறக்கும்போது கையில் கொட்டிக்கொண்டேன், கொப்புளம் கிளம்பியிருக்கிறது என்று ருக்கு காட்டின பிறகுதான் பார்த்தேன். (அண்ணா, இதை எழுதாதே என்று அம்மா சொன்னாள். எழுதிவிட்டேன். அப்பா போனதிலிருந்து அம்மா இப்படித்தான் இருக்கிறாள், அங்கே இருக்கிற உனக்கு அது தெரியவேண்டும்.)

வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் திருவிடந்தையில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் கூடுவாஞ்சேரி, உன் சித்திக்குத் தூரத்து உறவு. மாப்பிள்ளையின் அப்பா ஸ்ரீனிவாசராகவன் என்று மாமல்லபுரத்தில் இருக்கிறார். நம் வீட்டிலிருந்து எல்லோரும் போனோம், என்னைச் சாமான் அறையில் உட்காரவைத்தார்கள், பட்சணத்துக்குக் காவல், கறிகாய் நறுக்கிக் கொடுப்பது. அங்கே எனக்குச் சௌகரியம்தான், யார் எதிரிலும் வரவேண்டியதில்லை. சாயங்காலம் நலங்கு வைத்தார்கள். பெண் வீட்டுப் பெண்கள் நம் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடினார்கள், நான் புடலங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். மெட்டைக் கொஞ்சம் இழுத்துப் பாடினார்கள், ஆனால் நன்றாகத்தான் இருந்தது. ஏசல் பாட்டு வந்தது, அதில் சம்பந்தியம்மாளின் மடித்துணிப் பையைக் கேலி செய்கிற, உனக்கும் தெரிந்த அந்த வரி,

வெள்ளிக் கிண்ணம் எண்ணி வைத்தேன், ஒன்று குறையுது
சம்பந்தி மடிசஞ்சியிலே டிங்கு டிங்குங்குது

என்று பாடினதும் ஒரே சிரிப்பு, மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்ரீனிவாசராகவன் எழுந்து நின்றுகொண்டு, எழுதினது யார் என்று கேட்கிற சத்தம் வந்தது. யாரோ அட்டையைப் பார்த்துப் பெயரைப் படித்தார்கள். அவர், 'வக்கீல் குமாஸ்தா கஸ்தூரிரங்கனா, அப்போ தெரிஞ்சுதான் எழுதியிருக்கான்' என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு உன் சித்தி வந்து காதில் சொன்னாள். அந்த மனுஷர் ஒரு கோயிலுக்குத் தர்மகர்த்தாவாக இருந்தவராம், சுவாமியுடைய வெள்ளிக் கிண்ணம் ஒன்று கணக்கில் இல்லை என்று அவரை விலக்கிவிட்டார்களாம். அந்த வழக்கு நடந்தது நம் ஊர்க் கோர்ட்டில், நம் கோதண்டராமனிடம் இல்லை, உன் சித்தப்பா வேலை பார்க்கிற வக்கீலிடம்தான் அந்த வழக்குக் கட்டு இருந்ததாம். எல்லா சம்பந்திக்கும் பொதுவாக நான் கட்டின கேலி அது. கல்யாண வீட்டில் பாத்திரம் எண்ணுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. அவர் எடுத்தாரோ எடுக்கவில்லையோ எனக்கு எப்படித் தெரியும். சித்தி சொல்லிவிட்டுப் போன பிறகும் மிச்சம் இருந்த புடலங்காயை நறுக்கி முடித்தேன்.

பத்து நாள் ஆகவில்லை, அவருடைய வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. கிரந்தகர்த்தா கஸ்தூரிரங்கன் அவர்களுக்கு என்று மேல்விலாசம். சபையில் மானத்தை வாங்கினதற்கு நஷ்ட ஈடு, இல்லாவிட்டால் கோர்ட்டு. உன் சித்தப்பா அதை வைத்துக்கொண்டு கூடத்தில் இரண்டு நடை நடந்தார், பிறகு சமையலறை வாசலுக்கு வந்து, 'நான் குடும்பத்துக்குத்தான் கர்த்தா மன்னி, பாட்டுக்கு இல்லே, அது உங்களுக்கே தெரியும்' என்றார். தெரியும் என்றேன். வக்கீலாபீஸ் வழக்குக் கட்டைப் படித்துவிட்டுப் பாட்டு எழுதினான் என்று ஏற்பட்டால் வக்கீல் அவரை வைத்துக்கொள்ள மாட்டார், வேறு எங்கேயும் எடுக்கமாட்டார்கள். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை, நீயும் அப்படி எடுத்துக்கொள்ளாதே. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் நமக்குச் சாதம் போட்டதும் ருக்குவுக்கு ஸ்கூல் சம்பளம் கட்டினதும் அவர்தான். பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு யோசனை சொன்னார். கையெழுத்துப் பிரதி எல்லாம் ருக்குவின் கை, அதனால் எழுதினது ருக்கு என்று சொல்லிவிடலாம், விஷயம் தெரியாத பதினைந்து வயசுப் பெண் விளையாட்டாக எழுதினாள் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், மைனர் மேல் கேஸும் நிற்காது என்றார். என் பேரைச் சொல்லிவிடுங்கள் என்று நான் சொன்னேன். அதற்கு அவர், 'உங்க பேரைச் சொன்னா இந்த மூணு வருஷத்துல கல்யாணம் பண்ணிண்டவா அத்தனை பேரும் வாசலுக்கு வருவா மன்னி, எந்தாத்துல எது நடந்தாலும் அது நீங்க கட்டின பாட்டாலேம்பா' என்றார். அது பொய்யில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் எதுவுமே பொய்யில்லை. ருக்கு தன் கையால் நான்தான் எழுதினேன் என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுக்கவேண்டும், அவரோடு மாமல்லபுரம் போய் அந்த மனுஷர் காலில் விழவேண்டும், அதற்குப் பிறகு ஸ்கூல் வேண்டாம், எழுதத் தெரிந்ததால் வந்த வினைதானே இது, ஒரு இடம் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று முடித்தார். காலில் விழுவதைப் பற்றிப் பேச்சு முடிக்கத்தான் இன்றைக்கு அங்கே போயிருக்கிறார். நாளைக்கு ருக்குவை அழைத்துக்கொண்டு போவதாக உத்தேசம். உனக்கு இதைப் பற்றி எழுதக்கூடாது, எல்லாம் முடிந்த பிறகு தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

(அண்ணா, இது நான். என் கிளாஸில் ஒரு பெண்ணின் அக்காவுக்கு அதே நாள் கல்யாணம், அங்கேயும் அந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். நான் எழுதினேன் என்று ஊரில் சொன்னால், பெரிய மனுஷரைத் திருடன் என்று எழுதின பெண் என்று சொல்வார்கள். டீச்சர் டிரெயினிங் போகலாம் என்றிருந்தேன். மேலே சொல்கிறேன், எழுது என்கிறாள் அம்மா.)

நேற்று ருக்குவைக் கூட்டிக்கொண்டு மறுபடி கோதண்டராமனிடம் போனேன். மைனர் மேல் கேஸ் போட முடியாது என்று உன் சித்தப்பா நினைப்பது தப்பாம், போடலாமாம். அவளுக்கு அப்பா இல்லாததால் புதுச் சட்டப்படி நான்தான் கார்டியன், நான் கூடாது என்றால் அவளைக் கொண்டு யாரும் எதையும் எழுதி வாங்க முடியாது என்றார். பாட்டுக் கட்டினவள் சாமான் அறையை விட்டு வெளியே வராத ஒருத்தி, அவளுக்கு வழக்கும் தெரியாது கிண்ணமும் தெரியாது என்று நோட்டீஸுக்குப் பதில் போட்டால், அந்தப் பக்கம் கேஸை நடத்துவது கஷ்டம், ஆனாலும் நடக்காது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன் என்றார். நீ சொன்ன லிமிடெட்டாகவே இருந்தாலும் தான் சொன்ன சொல்லுக்குத் தான்தான் பதில் சொல்லவேண்டும், கம்பெனி வந்து நிற்காதாம். சரி, கேஸை மட்டும் என் பேரில் வைத்துக்கொள்கிறேன், புத்தகம் குடும்பத்தோடு இருக்கட்டும், மைத்துனருக்கும் மனஸ்தாபம் இருக்காது என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'அப்படிப் பிரிக்க முடியாது மாமி, நான் எழுதினேன்னு ஒரு தரம் சொன்னா எல்லாத்துக்கும் சேத்துத்தான்' என்றார். எனக்கு அந்தப் பேச்சு நாள் முழுக்க காதில் இருந்தது. பயமா என்று கேட்டால் பயம் மாதிரி இல்லை, சந்தோஷம் மாதிரியும் இல்லை. வாய்க்குள் ஏதோ மரத்துப்போய் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உறைப்பு தெரிவது போல இருந்தது.

வரும் வழியில் ஏசுபாதத்தின் அச்சகத்தில் நின்றேன். அடுத்த பதிப்புக்கு அட்டையை மாற்றுங்கள், என் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து, 'விக்காது மாமி, சத்தியமா விக்காது' என்றார். விற்காவிட்டால் விற்கவேண்டாம் என்றேன். கூட்டு என்று பேசினோமே, அது என்ன ஆச்சு என்று கேட்டார், கூட்டு வேண்டாம், நீங்கள் அச்சுக்கூலியை வாங்கிக்கொள்ளுங்கள், மிச்சம் நல்லதோ கெட்டதோ என்னோடு என்றேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. 'பேருக்கு முன்னால இன்னா போடறது, சௌபாக்கியவதின்னு போட முடியாது, வேற இன்னா போட்டாலும் ஜனங்க கண்டுகினு பூடுவாங்க' என்று மட்டும் கேட்டார். நீ முன்பு எங்கிருந்தோ கடிதம் எழுதும்போது என் பேருக்கு முன்னால் எதுவும் போடாமல் எழுதினாயே, அது போல வெறும் பெயர் போதும் என்றேன். எழுத்துகளைப் பொறுக்கி ஒரு கட்டையில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். தலைகீழாக இருந்ததால் எனக்குப் படிக்க வரவில்லை.

ஆகவே நான் நிச்சயித்தது இதுதான். நாளைக் காலை உன் சித்தப்பா எழுந்திருப்பதற்கு முன் ருக்குவோடு வக்கீல் வீட்டுக்குப் போய், பாட்டெல்லாம் கட்டினது நான் ஒருத்திதான், குடும்பத்துக்கோ கஸ்தூரிரங்கனுக்கோ ருக்மிணிக்கோ அதில் பங்கும் இல்லை பாரமும் இல்லை என்று பதில் நோட்டீஸில் கையெழுத்துப் போடப்போகிறேன். குடும்ப வியாபாரம் இல்லை, கூட்டு இல்லை, நீ சொன்ன லிமிடெட்டும் இல்லை, தனி. உன்னைக் கேட்டுச் செய்யவில்லை, உனக்குத் தெரிவித்துச் செய்கிறேன். ஊரப்பாக்கத்தில் உனக்குப் பார்த்திருக்கிற இடம் இதனால் தட்டிப்போனாலும் போகும், பையனின் அம்மா இப்படி என்று நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் ஜாதகத்தை நான் இரண்டு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். அதை முன்னாலேயே உன்னிடம் சொல்லவேண்டியது என் கடமை. உன் சித்தப்பா உன் கையெழுத்துக்கு ஏதாவது காகிதம் அனுப்பினால், ருக்கு எழுதினாள் என்று அதில் ஒரு வரி இருந்தாலும் போடாதே. அவரிடம் மரியாதைக் குறைவாக எதுவும் எழுதாதே. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் எழுதக்கூடும், அப்படியும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றுகிறது, ஆனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இன்றைக்குத் தளிகையில் உப்புச் சரியாக இருந்தது.

இந்தக் கடிதத்தை ருக்கு ஏசுபாதத்திடம் கொடுப்பாள், அவர் தபாலில் சேர்ப்பார். பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே, அவர் அச்சக விலாசத்துக்கே போடு, வெளியில் அவர் பெயரை மட்டும் எழுது. வேலையில் கவனமாக இரு, மேலதிகாரி கோபித்தால் எதிர்த்துப் பேசாதே, ராத்திரி வெகு நேரம் விளக்கெரித்துப் படிக்காதே, கண் உன் அப்பா வழியில் பலவீனம். வடுமாங்காய் ஒரு ஜாடி உனக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன், நாக்பூர் பக்கம் யாராவது போனால் கொடுத்தனுப்புகிறேன். தீர்க்காயுசாக, ஆரோக்கியமாக, மனசுக்குப் பிடித்த பெண்ணோடு நீ குடும்பம் நடத்தவேண்டும், அது எந்த இடமானாலும் சரி. உன் கல்யாணத்துக்கு என்னைப் பாடவிடமாட்டார்கள், பாட்டு மட்டும் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு, உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சௌந்தரவல்லி

அண்ணா, அம்மா சொன்னது முடிந்தது. பெயரை நான்தான் எழுதினேன், நாளைக்குப் போடவேண்டிய கையெழுத்தை அம்மா தரையில் தண்ணீரைத் தொட்டு எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள். 'ந்' எழுதும்போது புள்ளி எங்கே என்று கேட்கிறாள். நான் அம்மாவிடம், சித்தப்பா சொன்னபடியே நான் எழுதினேன் என்று சொல்லிவிடட்டுமா, எல்லாம் அடங்கிப்போகுமே என்று கேட்டேன். அம்மா கோபிக்கவில்லை. ஒரு வரியாவது நீ கட்டினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு எதற்கு எடுத்துக்கொள்கிறாய் என்றாள். பயமாக இருக்கிறது அண்ணா, நீ இங்கே இருந்தால்

வாசல் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் கூடத்தில் நிற்காமல் இந்தப் பக்கமே வருகிறது. இந்த அறைக் கதவைத் தட்டுகிறார். ருக்மிணி, ருக்மிணி என்று என் பெயரைத்தான் கூப்பிடுகிறார். நான் விளக்கை ஊதப் போனேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், எரியட்டும் என்கிறாள். தூங்கிவிட்டோம் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்கிறாள், தண்ணீர் தொட்ட விரலால் தன்னையே காட்டுகிறாள். 'நான் எழுதிண்டிருக்கேன்னு சொல்லுடி' என்கிறாள்